மீன் சுட்ட கதை

கஷ்டப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து மேடையில் ஏற்றுவது லண்டனில் இப்போது ஒரு நோயாகவே பரவிவிட்டது. பள்ளிக்கூடம், நூலகம், கவுன்சில் மண்டபம், கோயில் மண்டபம், எங்கே போனாலும் ஒரு மைக்கும் ஒரு கதிரையும், அதில் இருந்து அழுவதற்கு ஒரு ஆளும் வேண்டும். அழுகிறவர் கடைசியில் சிரிக்கவும் வேண்டும். 'எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டேன்' என்று அவர் சொல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தின்ற ரோல்ஸ் செமிக்காது.

எங்கள் இல்ஃபோர்ட் கத்தோலிக்கக் கோயில் பங்குக்கும் இந்த நோய் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பங்கின் தமிழ்ச் சங்கத் தலைவர். ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்து விமான டிக்கெட் விற்கும் கடை போட்டவர். ஜேர்மனியில் இருந்தபடியால் ஐரோப்பாவின் சரித்திரம் முழுவதும் தனக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். பிராங்க்பேர்ட்டில் பீட்சாவுக்கு மா குழைத்தபோது எந்தச் சரித்திரத்தைப் படித்தீர்கள் என்று கேட்க எனக்குப் பலமுறை வாய் உன்னியதுண்டு. என் கணவர் முழங்கையால் இடித்ததால் கேட்கவில்லை.

'நம்பிக்கையின் கதைகள்' என்று ஒரு போஸ்டர் அடித்தார்கள். அதில் முட்கம்பி, ஒரு மெழுகுதிரி, ஒரு புறா. மூன்றும் இருந்தால்தான் கஷ்டம் என்று நம்புவார்கள் போலிருக்கிறது. போன இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் கூட்டம். எங்கள் ஆட்களின் கதையையே நெடுகக் கேட்டுச் சனத்துக்கு அலுத்துப்போயிற்று, ஒரு வெள்ளைக்கார அகதி கிடைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தலைவருக்கு யோசனை. 'அக்கா, உங்கட பக்கத்து வீட்டு மனுசி சைபீரியாவில இருந்தவா எண்டு கேள்விப்பட்டன். ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோவன்' என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு லித்துவேனியாக்காரியைப் பற்றித்தான் அவர் கேட்டது. தொண்ணூறை எட்டிப்பிடிக்கப் போகிற ஒருவரைக் 'காரி' போட்டு எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். தன் மகனிடம் அவர் என்னைச் 'சிலோன்காரி' என்றுதான் சொல்வார். மகன் கட்டட வேலை செய்கிறவன். தாயை லித்துவேனியாவிலிருந்து கூட்டிவந்து தன்னோடு வைத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர், பின்வளவில் ஒரு மரவேலி. பக்தியோ பாசமோ எங்களை ஒன்று சேர்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெருவில் ஒரே ஆட்களைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அறிமுகம் கருவாட்டால் வந்தது. மன்னாரிலிருந்து என் தங்கை அனுப்பும் கட்டாக் கருவாட்டை நான் பொரிக்கும் நாளில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு மூக்கு இருப்பது ஞாபகம் வரும். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கவுன்சிலுக்கே போன் அடித்தார். செத்த எலி கிடக்கிறது என்று நினைத்தாராம். அவருடைய வாசலில் நரி வெளிக்கு இருந்துவிட்டுப் போவது அவருக்கு மணப்பதில்லை. அந்தக் கிழமையே இன்னொரு நாள் பொரித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. சண்டைக்கு ஆயத்தமாக அகப்பையோடு போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி நின்றார்.

'மீனா?' என்றார்.

'ஓம், மீன்தான். அதுக்கு இப்ப என்ன?' என்றேன்.

'எனக்கும் கொஞ்சம் தா' என்றார்.

அடுப்படிக்குள் வந்து நின்றபடியே தின்றார். முள்ளையும் விடவில்லை. மரியாதைக்காக யன்னலைச் சாத்தப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். 'சாத்தாதே. மணக்கட்டும். தெரு முழுக்க மணக்கட்டும்' என்றார். எதிர்வீட்டுக்காரரோடு அவருக்கும் கோபம் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். இருவருக்கும் அது இரவல் சட்டைதான். அவருக்குக் கை நீளம், எனக்குக் கழுத்து இறுக்கம். அதனால் அவர் சொன்னதை எல்லாம் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவருடைய கதையை நான் கேட்டது ஒரு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்தைய நாள் மாலை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் இறைச்சி இல்லை. மீனில் பல விதம், கிழங்கு, பீட்ரூட், காளான். மேசையில் யாரும் இல்லாத ஒரு இடத்தில் ஒரு வெறும் சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தார்கள். செத்தவர்களுக்காம். அந்த வீட்டில் அது அவருடைய தாய்க்கு. ஊறுகாய் போட்ட ஒரு மீன் துண்டை எடுத்து அந்தக் கோப்பையில் வைத்துவிட்டு, 'என்னுடைய அம்மா கள்ளி' என்றார். மகன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

இரண்டாம் உலகப்போர். ஜேர்மன்காரன் லித்துவேனியாவுக்குள் வருவதற்குச் ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலை, சோவியத் ஆட்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவருடைய தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர். படித்த மனுசன். ஆகையால் ஏதோ பிழை நடந்துவிட்டது, ஸ்டேஷனுக்குப் போய் மேலதிகாரியிடம் விளங்கப்படுத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினார். மேலதிகாரிக்கு முன்னால் கண்ணியமாகத் தெரியவேண்டும் என்று மனைவியைக் குதி உயர்ந்த சப்பாத்துப் போடச் சொன்னாராம். படித்தவர்களுக்கு இந்த வியாதி எல்லா நாட்டிலும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஆமிக்காரனிடம் ஆங்கிலத்தில் கதைத்தால் விட்டுவிடுவான் என்று நம்பிய தலைமை ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் மேலதிகாரி இல்லை. மாடு ஏற்றுகிற ரயில் பெட்டிகள்தான் நின்றன. ஆண்களுக்கு வேறு பெட்டி, வசதியாக இருக்கும், போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் சந்திக்கலாம் என்றார்கள். தகப்பனுக்கு அதிலும் நம்பிக்கை. மனைவியிடம் கைகாட்டிவிட்டுப் போய் ஏறினார். ஊரல் பக்கத்து முகாம் ஒன்றில் அவர் செத்தது இவர்களுக்குத் தெரியவந்தபோது பல வருடங்கள் ஆகிவிட்டன. தாயும் நான்கு வயதுப் பெண்பிள்ளையும், இன்னும் நடக்கத் தொடங்காத தம்பியும் மற்றப் பெட்டியில். அந்தப் பெண்பிள்ளைதான் என் பக்கத்து வீட்டுக்காரி.

குதி உயர்ந்த சப்பாத்து சைபீரியாவில் உருளைக்கிழங்காக மாறியது. ஒரு பண்ணை மேற்பார்வையாளரின் பெண்சாதிக்கு அதில் ஆசை. சேற்றுக்குள் அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்ததை நினைத்து இப்போதும் லித்துவேனியாக்காரி சிரிப்பார். அடுத்த கோடையில் அவர்களை மறுபடி ஏற்றி, லேனா ஆற்றோடு கீழே, வடக்குக் கடல் வரைக்கும் கொண்டுபோனார்கள். மரமே முளைக்காத கரை. வீடு இல்லை. செங்கல்லையும் பலகையையும் இறக்கிவிட்டு, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேலை மீன்பிடி. போர்முனைக்கு மீன் போகவேண்டும். பெண்கள் மீன் வெட்டி, உப்புப் போட்டு, பீப்பாவில் அடுக்கவேண்டும். அதில் ஒரு மீனையும் அவர்கள் தின்னக்கூடாது, கூலி, துண்டாக வெட்டித் தரும் பாண் ரொட்டி மட்டும்தான். காலைமுதல் மாலைவரை மீனுக்குள் நிற்கிறவளின் பிள்ளை பட்டினியால் சாகவேண்டும் என்று சட்டம் எழுதிய மகாபுத்திசாலிக்குக் கட்டாயம் ஏதாவது பதக்கம் கொடுத்திருப்பார்கள்.

தாய் களவெடுத்தார். ஒவ்வொரு நாளும். மார்புக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டி, கம்பளிச் சப்பாத்துக்குள் செருகி, மீனைக் கொண்டுவந்தார். பிடிபட்டவர்களை மறியல் வீட்டில் அடைத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் அனாதையாக நின்றார்கள். தாய் பிடிபடவில்லை.

இதுவரைக்கும் கேட்டால் யாரும் கை தட்டுவார்கள். தன் தாயைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறவர் இல்லை லித்துவேனியாக்காரி. பீப்பாவில் மீன் குறைந்தால் அந்தக் குழு முழுவதற்கும் பாண் குறையும். தாய்க்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தார். பக்கத்துப் பலகையில் படுத்த பெண் தாயின் சிநேகிதி, ஒரே ஊர், ஒரே கோயில். அவள் ஒருநாளும் எடுக்கவில்லை. பத்தாம் நாள் பட்டினியிலும் களவு பாவம் என்றே இருந்தாள். சூரியன் எழும்பாத அந்த முதல் பனிக்காலத்தில் அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். லித்துவேனியாக்காரியும் தம்பியும் பிழைத்தார்கள். தம்பி பிறகு ஊருக்குத் திரும்பிப் பல் வைத்தியராகி, போன வருடம்தான் செத்தார்.

ஊருக்குத் திரும்பியபின் தாய் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவார். நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், எடுக்கமாட்டார். எல்லோரும் எழும்பி வரிசையில் போகும்போது இவர் மட்டும் வாங்கில் குந்தியிருப்பார். எங்கள் சமயத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். பாரமான பாவம் இருந்தால் அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை எடுக்கக்கூடாது. பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்றால் மனஸ்தாபம் வேண்டும், செய்ததற்காக மனம் வருந்தவேண்டும். தாய்க்கு மனஸ்தாபம் வரவில்லை. 'நான் எடுத்தது பிழை என்று சாமியாரிடம் சொன்னால், நீங்கள் இரண்டு பேரும் செத்திருக்கலாம் என்று சொல்வது மாதிரி. நான் சொல்லமாட்டேன்' என்றாராம் பிள்ளைகளிடம். பொய்யாக வருந்தி அவருக்குப் பழக்கமில்லை. அப்படியே இருந்து அப்படியே செத்தார். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் வாசலில் நின்று குசுகுசுத்தார்களாம், இத்தனை வருடம் நன்மை எடுக்காதவள் என்ன பாவம் செய்தாளோ என்று.

அந்தக் குசுகுசுப்பு லித்துவேனியாக்காரிக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அதனால்தான் தலைவரின் அழைப்பைச் சொன்னபோது மறுகதை இல்லாமல் ஒப்புக்கொண்டார். நான் ஆச்சரியப்பட்டேன். மேடை, மைக், அழுகை எதுவும் அவருக்கு ஆகாது.

'என்னுடைய ஆட்களிடம் சொன்னால் வேலைக்கு ஆகாது' என்றார். 'அவர்களுக்கு வேதசாட்சிகள்தான் வேண்டும். பனிக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு செத்தவர்கள் வேண்டும். கள்ளிகளுக்கு இடமில்லை. உன்னுடைய ஆட்களுக்கு என் அம்மாவைத் தெரியாது. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள். களவெடுத்தாள், வருந்தவில்லை என்று அவர்களுக்கு முன்னால் சொல்லவேண்டும். யார் எழும்பிப் போகிறார்கள் என்று பார்க்கவேண்டும். நான் போகுமுன் ஒருமுறை பார்க்கவேண்டும்.'

கேட்கச் சின்ன ஆசை. ஆனால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

தலைவர் ஒருநாள் முன்னேற்பாட்டுக்கு லித்துவேனியாக்காரியின் வீட்டுக்கு வந்தார். வந்ததும் ஜேர்மன் அகதி முகாமில் தான் குளிருக்குள் பட்ட பாட்டைச் சொன்னார். மத்திய வெப்பமூட்டல் இருந்த முகாம் அது. பிறகுதான் இவரைக் கேட்கவேண்டும் என்று ஞாபகம் வந்தது.

'எப்பிடி அம்மா தப்பினனீங்கள்? கடவுளின்ர கிருபை என்ன?'

'கடவுள் அந்தப் பக்கம் ஷிப்டுக்கு வரவில்லை' என்றார் லித்துவேனியாக்காரி. 'அம்மா களவெடுத்தார்.'

தலைவர் தேத்தண்ணீரை ஒரே மிடறில் முடித்துவிட்டு எழும்பினார். வெளியே வந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். 'அக்கா, களவெண்ட சொல்லைக் கோயில் மண்டபத்தில பாவிக்க ஏலாது. ஃபாதரும் இருப்பார். சின்னப் பிள்ளையளும் வருவினம்.'

'அப்ப என்ன சொல்லப் போறீங்கள்?'

'மொழிபெயர்க்கிறது நான்தானே. பக்குவமாச் சொல்லுவன்.'

'உள்ளதைச் சொல்லுங்கோ. பக்குவம் பிறகு பாப்பம்' என்றேன். தலையாட்டினார். அவர் தலையாட்டுவது எதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கடையில் டிக்கெட் கேட்பவர்களுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

அந்த ஞாயிறு மண்டபம் நிறையச் சனம். கதைக்காக அல்ல, மழை பெய்தது. பின்னால் மேசையில் ரோல்ஸ், வடை, தேத்தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரம். தாடி வைத்த ஒரு நெடிய தடியன் கூட்டம் தொடங்குமுன்பே ரோல்ஸ் தட்டில் பாதியைத் துப்புரவாக்கிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் பெற்ற பிள்ளையோ, வீட்டில் சோறு போடுவதில்லையோ என்று நினைத்தேன்.

லித்துவேனியாக்காரி நல்ல நீலச் சட்டை போட்டு, தலைமயிரைப் படிய வாரி வந்திருந்தார். மேடைக் கதிரையில் இருந்து ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். அவர் ஒரு வசனம் சொன்னால் தலைவர் நான்கு வசனம் பேசினார். 'எங்களைப் போலவே', 'எங்கட இனத்தைப் போலவே' என்று நடுநடுவே தாளித்துக்கொண்டார். ரயில் பெட்டி வந்தது, சப்பாத்து வந்தது, கடல் வந்தது. சனம் உச்சுக்கொட்டியது. பிறகு அவர் சொன்னார், 'என் அம்மா மீன் களவெடுத்தார். ஒவ்வொரு நாளும் களவெடுத்தார்.'

தலைவர் தொண்டையைச் செருமினார். 'அவவின்ர அம்மா மீன் சுட்டவா. ஒவ்வொரு நாளும் சுட்டவா.'

இந்தச் 'சுட்டது' தலைவர் தென்னிந்தியப் படங்களில் பொறுக்கிய சொல். அங்கே விளையாட்டாகக் களவை அப்படிச் சொல்வார்கள். பக்குவம் என்று அவர் சொன்னது இதைத்தான். முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர்ச் சனத்துக்கோ சுடுவதென்றால் இரண்டே பொருள். ஒன்று துவக்கு, மற்றது அடுப்பு.

'ஆரைச் சுட்டவங்கள்?' என்று காது கேளாத ஒரு பெரியவர் பதறினார்.

'ஆரையும் இல்லை அண்ணை, மீனை. நெருப்பில வாட்டினவவாம்.'

'ஓ, சுட்ட மீனோ.' பெரியவருக்கு முகம் மலர்ந்தது. 'அந்தக் குளிருக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்.'

'உப்பும் தூளும் போட்டவவோ எண்டு கேளுங்கோ' என்றார் இன்னொருவர். மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கும்போது வரும் சாதாரணச் சிரிப்பு. ஆனால் மேடையில் இருந்தவருக்கு என்ன தெரியும்? தன் தாய் களவெடுத்தாள் என்று இந்த வயதில் முதல்முறையாக ஊருக்கு முன்னால் சொல்கிறார், ஊர் சிரிக்கிறது. அவருடைய கை கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. 'அதற்காக அவர் ஒருநாளும் வருந்தவில்லை' என்றார்.

'அம்மா ஒருநாளும் கவலைப்படேல்லை!' என்று தலைவர் உரத்துச் சொன்னார். சனம் கை தட்டியது.

'சாகும்வரைக்கும் அவர் நன்மை எடுக்கவில்லை.'

தலைவர் ஃபாதர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். 'சாகும்வரைக்கும் விசுவாசமா இருந்தவா' என்றார். மறுபடி கைதட்டல். தாடிக்காரனும் ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டு தட்டினான்.

'சுட்ட' மீனைப் பக்குவம் பிழைத்ததென்று விட்டுவிடலாம். இது சுத்தப் பொய். ஒரு பெண் தன் மனச்சாட்சிக்காகப் பல வருடம் வாங்கில் தனியே இருந்ததை இந்த டிக்கெட் வியாபாரி ஒரு வசனத்தில் கழுவித் துடைத்துவிட்டார். லித்துவேனியாக்காரி என்னைத் தேடினார். எழும்பி மேடைக்குப் போனேன். என் கணவரின் முழங்கை இந்தமுறை எட்டவில்லை.

'ஏன் சிரிக்கிறார்கள்?' என்று என் காதுக்குள் கேட்டார். 'ஏன் கை தட்டுகிறார்கள்?'

'அவர்களுக்குப் பிழையாகச் சொல்லப்பட்டுவிட்டது. உங்கள் அம்மா மீனை நெருப்பில் சுட்டுத் தந்ததாக நினைக்கிறார்கள்.'

'நெருப்பிலா?' அவர் என்னை வடிவாகப் பார்த்தார். 'நெருப்பு மூட்டினால் மணக்குமே. மணந்தால் பிடித்துவிடுவார்களே. நாங்கள் பச்சையாகத்தான் தின்றோம். கல் மாதிரி விறைத்த மீன். போர்வைக்குள் வைத்துச் சீவித் தருவார். விடியமுன் எங்கள் வாயைப் பனியால் கழுவிவிடுவார், மூச்சில் மணக்கக்கூடாது என்று.'

அவரோடு பழகிய இத்தனை காலத்தில் இது எனக்குப் புதிது. என் அடுப்படி யன்னலைச் சாத்த விடாமல் அவர் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. நானோ எதிர்வீட்டுக்காரர் மீது கோபமாக்கும் என்று நினைத்தேன்.

தலைவரிடம் மைக்கைக் கேட்டேன். 'அக்கா, நேரம் போகுது' என்றார். கையிலிருந்து பறித்தேன் என்றே சொல்லவேண்டும்.

'இவவின்ர தாய் மீன் சுடேல்லை' என்றேன். 'களவெடுத்தவா. நல்லாக் கேளுங்கோ, களவு. அதை நெருப்பில வாட்ட ஏலாது, மணந்தாப் பிடிபடுவினம். பச்சை மீனைப் போர்வைக்குள்ள சீவிச் சீவிப் பிள்ளையளுக்குக் குடுத்தவா. தான் எடுத்தா மற்றவைக்குப் பாண் குறையுமெண்டு தெரிஞ்சுதான் எடுத்தவா. எடுக்காத சிநேகிதியின்ர பிள்ளையள் ரெண்டும் செத்துப்போச்சுதுகள். இவவும் தம்பியும் தப்பிச்சினம். தாய்க்கு மனஸ்தாபம் வரேல்லை. மனஸ்தாபமில்லாமப் பாவசங்கீர்த்தனம் செய்யமாட்டன் எண்டு சாகுமட்டும் நன்மை எடுக்காமலே இருந்தவா. இதைத்தான் இவ இவ்வளவு நேரமும் சொன்னவா. நீங்கள் கை தட்டினது வேற ஆருக்கோ. இது பிழையெண்டு நினைக்கிற ஆக்கள் எழும்பிப் போகலாம். அதைப் பாக்கத்தான் இவ வந்திருக்கிறா.'

ஒருவரும் அசையவில்லை. பின்னால் தேத்தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. ஃபாதர் கீழே பார்த்தபடி இருந்தார். அப்போது நடுவரிசையில் ஒருவர் எழும்பினார். வாசல் பக்கமாக நடந்தார். லித்துவேனியாக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. அந்த மனிதர் வாசலடிக்குப் போய், தேத்தண்ணீர்ப் பாத்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தார்.

பிடி தளர்ந்தது. தலைவர் மைக்குக்காகக் கையை நீட்டியபடி நின்றார். நான் கொடுக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். பூசைக்கு வந்து ஒருவரோடும் கதைக்காமல் போகிறவள், வன்னியிலிருந்து வந்தவள் என்று மட்டும் தெரியும். சனத்தை அவள் பார்க்கவில்லை. மேடைக்கு ஏறாமல் கீழே நின்றபடி, லித்துவேனியாக்காரியை அண்ணாந்து பார்த்துத் தமிழில் சொன்னாள்.

'நானும் எடுத்தனான் அம்மா. மாத்தளனில, கடைசிச் சண்டைக்குள்ள. பக்கத்து பங்கர்க்காரர் ஷெல் விழுந்து செத்துக் கிடக்கேக்க அவையின்ர அரிசியை எடுத்தனான். ஒரு சின்னப் பெட்டை அதுக்குள்ள உயிரோட கிடந்தது. பாத்தனான். பாத்துப்போட்டும் எடுத்தனான்.'

மண்டபத்தில் யாரும் உச்சுக்கொட்டவில்லை. எத்தனையோ வருடம் ஒரே மண்டபத்தில் வடை தின்றிருக்கிறோம், இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போஸ்டரில் புறா போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?

'என்ன சொல்கிறாள்?' என்றார் லித்துவேனியாக்காரி. சொன்னேன். ஒரு சொல்லையும் பக்குவப்படுத்தாமல் சொன்னேன். அவர் கதிரையின் நுனிக்கு நகர்ந்து, அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

'வருந்துகிறாளா என்று கேள்.'

ஒருவரிடம் நான் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் கேட்கவேண்டியவர் கேட்கிறார்.

'மனஸ்தாபமோ எண்டு கேக்கிறா' என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பதில் தெரிந்ததை எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல. பிறகு திரும்பி, ரோல்ஸ் மேசையடியில் நின்ற அந்தத் தாடிக்காரத் தடியனை நாடியை நிமிர்த்திக் காட்டினாள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

'அந்தா, நிக்கிறான்' என்றாள்.

லித்துவேனியாக்காரி அதற்கு மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.